ரிகவரா, ரெஸ்ட்டா, ரூஸ்ட்டா, விஷ்ஷா? போக்கிமானின் சிகிச்சை மூவ்கள்: ஓர் அலசல்

போக்கிமான் ஆட்டங்களில் கதையை மட்டும் ஆடி முடிப்பவருக்கு, இழந்த உயிரை மீட்டுத்தரும் சிகிச்சை மூவ் பெரிய பொருட்டே இல்லை. பை நிறைய போஷன் என்ற மருந்து இருக்கிறது, காசு இருக்கிறது, ஊருக்கு ஊர் போக்கிமான் சென்டர் இருக்கிறது. ஆனால் இன்னொரு மனிதரோடு மோத உட்கார்ந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். அங்கே பையைத் திறக்க அனுமதி இல்லை. போக்கிமானுக்கு நான்கே மூவ்கள், அதாவது மோதலில் அது செய்யக்கூடிய செயல்கள். அவற்றில் ஒன்றைச் சிகிச்சைக்கு ஒதுக்கினால் தாக்குதலில் ஒன்று குறையும். அந்த ஓர் இடத்தை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெரும்பாலோர் இதை ஹெச்.பி. (உயிர் அளவு) கணக்காகவே பார்க்கிறார்கள். "ரிகவர் பாதி தருகிறது, ரெஸ்ட் முழுவதும் தருகிறது, ஆகவே ரெஸ்ட் பெரியது" என்ற வாதத்தை இன்றும் கேட்கிறேன். அந்தக் கணக்கு போதாது. எவ்வளவு தருகிறது என்பதோடு, எத்தனை முறைகளை (டர்ன்களை) விழுங்குகிறது, யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் வரிசை மாறிவிடும். என் கணிப்பில் விஷ்தான் முதலிடம். அங்கே போவதற்கு முன் மற்றவற்றையும் அவற்றுக்குரிய மரியாதையோடு பார்த்துவிடுவோம்.

ரிகவர்: அளவுகோல்

1996இல் வந்த முதல் ஆட்டங்களிலேயே ரிகவர் இருந்தது. பயன்படுத்திய அதே முறையில், அதிகபட்ச ஹெச்.பி.யில் பாதி திரும்பிவிடும். நிபந்தனை இல்லை, காத்திருப்பு இல்லை. அந்த முதல் ஆட்டங்களில் மட்டும் ஒரு பிழை இருந்தது. இழந்த ஹெச்.பி. சரியாக 255 அல்லது 511 ஆக இருந்தால் மூவ் பலிக்காமல் போய்விடும். சான்ஸியும் மியூவும் மட்டுமே கற்கும் சாஃப்ட்-பாயில்டும் அதே பிழையில் மாட்டிக்கொள்ளும். பிறகு அது சரிசெய்யப்பட்டது. ஸ்டார்மி, மிலோட்டிக், டாக்ஸாபெக்ஸ் என்று ரிகவரை நம்பி வாழும் போக்கிமான்கள் ஒவ்வொரு தலைமுறை ஆட்டங்களிலும் உண்டு. மில்டேங்கின் மில்க் டிரிங்க், ஸ்லோப்ரோவின் ஸ்லாக் ஆஃப் எல்லாம் பெயர் வேறான ரிகவர்களே.

இந்த மூவின் வலிமையை முதன்முதலில் பலருக்குக் கற்பித்தவர் கோல்ட், சில்வர் ஆட்டங்களில் வரும் ஜிம் தலைவி விட்னி. அவருடைய மில்டேங்க் லெவல் 20. ரோல்அவுட்டால் அடிமேல் அடியாக உருண்டு வரும். ஒவ்வொரு அடிக்கும் வலு இரட்டிக்கும். அது பெண் போக்கிமான் என்பதால், ஆண் போக்கிமானை அட்ராக்ட் மூலம் மயக்கி, பாதி நேரம் அசையவிடாமல் நிறுத்திவிடும். ஆட்டக்காரர் தொடக்கத்தில் வாங்கும் போக்கிமான் பெரும்பாலும் ஆணாகத்தான் இருக்கும். தட்டுத்தடுமாறி அதைப் பாதி உயிருக்குக் கொண்டுவந்தால், மில்க் டிரிங்க் குடித்துவிட்டு மறுபடி நிமிர்ந்து நிற்கும். முறைக்குப் பாதிக்கும் குறைவாக அடிப்பவரால் சிகிச்சை மூவ் வைத்திருப்பவரை வீழ்த்தவே முடியாது என்ற பாடம் அங்கே உறைக்கிறது.

ரிகவரின் மொத்தக் கணக்கும் அந்த 50 சதவீதக் கோட்டில்தான் நிற்கிறது. எதிரி முறைக்கு 40 சதவீதம் அடிக்கிறான் என்றால் ஒவ்வொரு ரிகவரிலும் நிகரமாக 10 சதவீதம் மிச்சம். அவன் 55 அடித்தால் ஒவ்வொரு ரிகவரிலும் 5 நட்டம். அங்கே ரிகவர் செய்துகொண்டிருப்பது சாவைத் தள்ளிப்போடுவது மட்டுமே. 40 அடிப்பவனிடமும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இப்போதைய விதிப்படி 24 அடிகளுக்கு ஒன்று கிரிட்டிக்கலாக விழும் வாய்ப்பு உண்டு. அது ஒன்றரை மடங்கு, அதாவது 60. எட்டு அடிகள் வாங்கி எட்டு முறை ரிகவர் செய்தால், அவற்றில் ஒன்றாவது கிரிட்டிக்கலாக விழ ஏறத்தாழ 29 சதவீத வாய்ப்பு. "அவன் அடிக்கட்டும், நான் தேற்றிக்கொள்கிறேன்" என்று ஒரே இடத்தில் நிற்பவர் இந்த 29ஐ மறக்கவே கூடாது.

விஷமேற்றும் டாக்ஸிக் இன்னும் கொடியது. முதல் முறை 16இல் 1 பங்கு, அடுத்து 2, அடுத்து 3 என்று ஏறிக்கொண்டே போகும். எட்டாவது முறையில் அது சரியாகப் பாதி. அதாவது எதிரி விரல்கூட அசைக்காமல் இருந்தாலும் ரிகவர் தந்த அத்தனையையும் விஷம் தின்றுவிடும். களத்தைவிட்டு வெளியே வந்தால் அந்த ஏற்றம் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதால், ரிகவரை நம்பும் போக்கிமானுக்கு வெளியேறும் நேரம் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் பி.பி.யில், அதாவது ஒரு மூவை எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்ற அளவில் வந்தது. ஆரம்பத்தில் ரிகவருக்கு 20 பி.பி. இருந்தது. 2006இல் வந்த டைமண்ட், பேர்ல் ஆட்டங்களில் அது 10 ஆனது. 2022இன் ஸ்கார்லெட், வயலெட்டில் வெறும் 5. பி.பி. அப் கொடுத்து உச்சத்துக்கு ஏற்றினாலும் 32, 16, இப்போது 8.  மணிக்கணக்கில் சுவர்போல நின்று எதிரியைச் சலிப்படையச் செய்யும் ஆட்டத்துக்கு இந்தக் குறைப்பு சரியான கடிவாளம் என்றே நினைக்கிறேன். ரிகவர் இன்னும் நல்ல மூவ்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் காலம் முடிந்துவிட்டது.

ரெஸ்ட்: முழு உயிர், முழு விலை

ரெஸ்ட் உயிரை முழுமையாக நிரப்பும். விஷம், தீக்காயம், முடக்கம் எதுவாக இருந்தாலும் துடைத்துவிடும். பதிலுக்கு இரண்டு முறைகள் தூக்கம். ஆக ஒரு சிகிச்சைக்கு மூன்று முறைகள் செலவு. முறைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 33 சதவீதம்தான். ரிகவர் 50. முழு உயிர் தரும் மூவ் பாதி உயிர் தரும் மூவிடம் தோற்பது இந்த இடத்தில்தான். தூங்கும் அந்த இரண்டு முறைகளில் எதிரி சும்மா இருக்கமாட்டான். சுவார்ட்ஸ் டான்ஸ் ஆடித் தன் தாக்குதலை இரட்டித்துக்கொண்டு காத்திருப்பான்.

அதனால் ரெஸ்ட் தனியாக வருவதே இல்லை, துணையோடுதான் வரும். 1999இன் கோல்ட், சில்வரில் வந்த ஸ்லீப் டாக் அதற்கு ஏற்ற ஜோடி. தூக்கத்திலேயே மற்ற மூன்று மூவ்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துவிடும். அந்தத் தலைமுறையில் ஸ்லீப் டாக் ரெஸ்ட்டையே எடுத்தாலும் பலித்து, உயிர் மறுபடி நிரம்பும். கர்ஸ் போட்டுக் கனத்துக்கொண்டு, ரெஸ்ட் எடுத்து எழுந்துவரும் ஸ்நார்லாக்ஸை மையமாக வைத்தே அன்றைய ஆட்டம் முழுவதும் சுழன்றது. ரூபி, சஃபையர் ஆட்டங்கள் முதல் செஸ்டோ பெர்ரி என்ற பழம் இன்னொரு வழியானது. கையில் அதைக் கொடுத்துவிட்டால் ரெஸ்ட் எடுத்த கையோடு விழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு தடவை.

ரெஸ்ட்டை உண்மையில் மிரட்டலாக்குவது மழைதான். ஹைட்ரேஷன் திறன் கொண்ட மனாஃபி மழை பெய்யும்போது ரெஸ்ட் எடுத்தால், அந்த முறை முடியும்போதே தூக்கம் கலைந்துவிடும். விலையே இல்லாத முழு உயிர். இப்படி ஓர் ஏற்பாடு இல்லாதவர் ரெஸ்ட் பக்கம் போக வேண்டாம் என்பேன். எதிரி களத்தின் தரையையே மாற்றும் எலக்ட்ரிக் டெர்ரெய்னோ மிஸ்டி டெர்ரெய்னோ விரித்திருந்தால் தரையில் நிற்கும் போக்கிமானுக்கு ரெஸ்ட்டே எடுபடாது.

ரூஸ்ட்: புத்திசாலிகளின் மூவ்

2006இல் வந்த ரூஸ்ட்டும் பாதி உயிர்தான் தருகிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் பறக்கும் வகைப் போக்கிமான், அந்த முறை முடியும்வரை பறக்கும் வகையை இழந்துவிடும். சிறகை மடக்கித் தரையில் அமர்கிறது அல்லவா, அதற்கு ஏற்ற விதி. எனக்கு இந்த மூவ் மிகவும் பிடிக்கும். காரணம், சிகிச்சையோடு சேர்த்து அது தற்காப்பையும் மாற்றிவிடுகிறது.

ஸாப்டோஸுக்கு எதிரே டைரனிடார் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஸாப்டோஸ் மின் வகையும் பறக்கும் வகையும் சேர்ந்தது. டைரனிடாரின் பாறை வகை மூவான ஸ்டோன் எட்ஜ் அதன்மேல் இரட்டிப்பாக விழும். நில வகையான எர்த்க்வேக் தொடவே தொடாது. ஸாப்டோஸ் வேகமானது, முந்திக்கொண்டு ரூஸ்ட் செய்கிறது. இப்போது அது வெறும் மின் வகை. ஸ்டோன் எட்ஜின் இரட்டிப்பு போய்ச் சாதாரண அடியாகிவிடும். அதேசமயம் சற்றுமுன் தொட முடியாமல் இருந்த எர்த்க்வேக் இரட்டிப்பாக விழும். டைரனிடாரை ஆள்பவர் இரண்டில் எதை அழுத்துவார்? ரூஸ்ட் வரும் என்று ஊகித்தால் எர்த்க்வேக். ஊகம் தவறி ஸாப்டோஸ் தாக்கிவிட்டால் அந்த எர்த்க்வேக் காற்றோடு போகும். ஒரே ஒரு சிகிச்சை மூவ் இரண்டு பேரையும் ஒருவர் மனத்தை இன்னொருவர் படிக்க வைக்கிறது.

ரூஸ்ட்டில் மெதுவாக இருப்பதும் ஒரு பலம். கார்விநைட் எஃகும் பறக்கும் வகையும் சேர்ந்தது. தன்னைவிட வேகமான கார்சாம்ப் எர்த்க்வேக் விட்டால், அது முதலில் வந்து பலிக்காமல் போய்விடும். அதன் பிறகு கார்விநைட் நிதானமாக ரூஸ்ட் செய்துகொள்ளும். தன்னைவிட மெதுவான ஹிப்போடனிடம் கதை வேறு. கார்விநைட் முந்தி ரூஸ்ட் செய்து வெறும் எஃகாக உட்கார்ந்திருக்கும்போது எர்த்க்வேக் இரட்டிப்பாக இறங்கும். யார் முந்துவார் என்பதை மனத்தில் வைக்காமல் ரூஸ்ட்டை அழுத்தினால் கரணம் தப்பினால் மரணம்தான். பி.பி.யில் இதற்கும் ரிகவர் கதிதான், இப்போது 5.

வானிலையை நம்பும் மூன்று

மார்னிங் சன், சிந்தஸிஸ், மூன்லைட். கோல்ட், சில்வரில் எஸ்பியானின் மார்னிங் சன் காலையிலும், அம்ப்ரியானின் மூன்லைட் இரவிலும், புல் வகைகளின் சிந்தஸிஸ் பகலிலும் பாதி உயிர் தந்தன. மற்ற நேரங்களில் கால்வாசி. கடிகாரம் பார்த்துச் சிகிச்சை செய்யும் அந்த விதியில் ஓர் அழகு இருந்தது. ரூபி, சஃபையரில் அதை எடுத்துவிட்டு வானிலையிடம் ஒப்படைத்தார்கள். வெயிலில் மூன்றில் இரண்டு பங்கு, சாதாரண வானிலையில் பாதி, மழையிலோ மணல்புயலிலோ கால்வாசி. நீங்களே வெயிலை உண்டாக்கும் அணி வைத்திருந்தால் எடுங்கள். இல்லையென்றால் எதிரி, வந்ததும் மணல்புயல் கிளப்பும் டைரனிடாரைக் களமிறக்கிய மறுகணமே உங்கள் சிகிச்சை பாதியாகச் சுருங்கிவிடும்.

விஷ்: அடுத்தவருக்கான சிகிச்சை

விஷ் 2002இன் ரூபி, சஃபையரில் வந்தது. பயன்படுத்திய முறையில் எதுவும் நடக்காது. அடுத்த முறையின் முடிவில்தான் உயிர் வந்து சேரும். வெறும் காகிதக் கணக்கில் இது எல்லாவற்றிலும் மோசம். பாதி உயிருக்கு இரண்டு முறைகள், அதாவது முறைக்கு 25 சதவீதம். அந்தக் கணக்கைப் பார்த்து இதை ஒதுக்குபவர்கள் இரண்டு விஷயங்களைத் தவறவிடுகிறார்கள்.

ஒன்று, அந்த இரண்டாவது முறை உங்களுடையது. விஷ் தானாக வரும். நீங்கள் புரொடெக்ட் போட்டு அடியை முழுவதுமாகத் தடுக்கலாம், தாக்கலாம், வெளியேறலாம். இடையில் எதிரி, தாக்காத மூவ்களைத் தடுக்கும் டான்ட் போட்டு உங்கள் வாயைக் கட்டினாலும், ஏற்கனவே கேட்டுவிட்ட விஷ் வந்தே தீரும். ரிகவரை டான்ட் அடியோடு முடக்கிவிடும்.

இரண்டாவதுதான் முக்கியம். விஷ் கேட்டவரைத் தேடிப் போவதில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் நிற்கிறாரோ அவரைத் தேற்றும். விஷ் இருந்த முதல் இரண்டு தலைமுறைகளில், வாங்குபவரின் உயிரில் பாதி என்பதே அளவாக இருந்தது. 2010இல் பிளாக், ஒயிட் வந்தபோது அது கேட்டவரின் உயிரில் பாதி என்று மாறியது. இந்த ஒரு திருத்தம் விஷ்ஷை வேறு மூவாகவே ஆக்கிவிட்டது. உடல் பெருத்த போக்கிமான் கேட்கும் விஷ், ஒல்லியான தோழனுக்கு மடை திறந்த வெள்ளம்.

லெவல் 100 கணக்கில் பார்ப்போம். அலோமோமோலாவின் அதிகபட்ச ஹெச்.பி. 534. அதன் விஷ் 267 தரும். வீவைல் போன்ற வேகத் தாக்குதல்காரருக்கு, ஹெச்.பி.யில் பயிற்சிப் புள்ளிகளே போடாதபோது, மொத்தமே 281தான். ஒரே விஷ்ஷில் சாகக்கிடந்த வீவைல் ஏறத்தாழ முழு உயிரோடு எழுந்து நிற்கும். வீவைலுக்கென்று நல்ல சிகிச்சை மூவ் எதுவும் கிடையாது. இருந்தாலும் அதற்கு ஓர் இடத்தை வீணாக்கத் தேவையில்லை, நான்கும் தாக்குதலாகவே இருக்கலாம். ஒரு போக்கிமானின் ஒரே ஓர் இடம், அணியில் உள்ள மற்ற ஐந்து பேருக்கும் சிகிச்சை இடமாகிவிடுகிறது. ரிகவரை எத்தனை முறை அழுத்தினாலும் இது வராது.

கைமாற்றும் விதத்திலும் நுணுக்கம் உண்டு. இரண்டாவது முறையில் சும்மா மாற்றி இறக்கினால், உள்ளே வருபவர் எதிரியின் அடியை வாங்கிய பிறகே விஷ் சேரும். ஏற்கனவே குற்றுயிராக இருப்பவர் அந்த அடியிலேயே போய்விடலாம். ஸ்கார்லெட், வயலெட்டில் அலோமோமோலா இதற்கும் வழி வைத்திருக்கிறது. முதல் முறையில் விஷ். இரண்டாவது முறையில் ஃப்ளிப் டர்ன், அதாவது தாக்கிவிட்டு வெளியேறும் நீர் வகை மூவ். அலோமோமோலா மெதுவானது என்பதால் எதிரிதான் முதலில் அடிப்பான். அந்த அடியை அது தன் பெரிய உடம்பில் தாங்கிக்கொள்ளும். பிறகு மெல்ல ஃப்ளிப் டர்ன் அடித்து வெளியேறும். வீவைல் ஒரு கீறலும் படாமல் உள்ளே வரும். முறை முடியும், 267 ஹெச்.பி. வந்து சேரும். வெளியேறிய அலோமோமோலாவுக்கோ ரீஜெனரேட்டர் திறனால் மூன்றில் ஒரு பங்கு, 178 ஹெச்.பி., தானாகத் திரும்பிவிடும். தோழனைத் தேற்றிய அதே முறையில் தானும் தேறிவிடுகிறது. இத்தனை ஆண்டுகளில் இந்த ஆட்டத்தில் இவ்வளவு நேர்த்தியாகப் பொருந்திய மூன்று துண்டுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஸ்கார்லெட், வயலெட்டில் ரிகவர், ரெஸ்ட், ரூஸ்ட் எல்லாம் 5 பி.பி.க்கு இறக்கப்பட்டபோது விஷ் மட்டும் 10இல் அப்படியே நின்றது. உச்சத்தில் 16. நீண்ட ஆட்டத்தில் எதிரியின் எட்டு ரிகவர்களும் தீர்ந்த பிறகும் உங்களிடம் விஷ் மிச்சமிருக்கும்.

விஷ் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். விஷத்தையும் தீக்காயத்தையும் அது தொடாது. எதிரிக்கு ஒரு முறை முன்னறிவிப்பும் கிடைத்துவிடுகிறது. "அடுத்து யாரோ உள்ளே வரப்போகிறார்" என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப அடிப்பான். நீர் அடியை உறிஞ்சிக்கொள்ளும் வாட்டர் அப்சார்ப் திறன் உள்ள போக்கிமானை அவன் நிறுத்தினால் ஃப்ளிப் டர்ன் எடுபடாது, அலோமோமோலா வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

மீதமுள்ளவை

ஹீலிங் விஷ், கிரெஸெலியாவின் லூனார் டான்ஸ் இரண்டும் தியாக மூவ்கள். பயன்படுத்துபவர் விழுவார், அடுத்து வருபவர் முழு உயிரோடும் நோய்நொடி இல்லாமலும் வருவார். லூனார் டான்ஸ் பி.பி.யையும் நிரப்பும். ஆட்டத்தை முடிக்கும் திறமை கொண்ட ஒருவர் காயத்தோடு காத்திருந்தால் மட்டுமே இந்த விலை தகும். பாமாட், ராப்ஸ்கா கற்கும் ரிவைவல் பிளெஸ்ஸிங் விழுந்தவரையே பாதி உயிரோடு எழுப்பிவிடும். பி.பி. ஒன்றே ஒன்று, ஏற்றவும் முடியாது. ஸ்ட்ரெங்த் சாப் எதிரியின் தாக்குதல் அளவுக்கு உயிர் உறிஞ்சி, அந்தத் தாக்குதலையும் ஒரு படி இறக்கும். கற்றுக்கொள்பவர்கள் குறைவு என்பதால்தான் இது மேலே வரவில்லை. கிடைப்பவர்களுக்கு அபாரமான மூவ்.

இரட்டையர் ஆட்டத்தில் இந்த வரிசை செல்லாது. உலகச் சாம்பியன்ஷிப் அந்த முறையில்தான் நடக்கிறது. ஆறு பேரில் நால்வரை மட்டும் களமிறக்கும் அந்த ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டு எதிரிகளும் சேர்ந்து ஒருவரையே அடித்தால் பாதி உயிர் எந்த மூலைக்கு? அங்கே இருவரையும் ஒன்றாகத் தேற்றும் லைஃப் டியூ, நோயையும் சேர்த்துத் துடைக்கும் கிரெஸெலியாவின் லூனார் பிளெஸ்ஸிங் போன்றவற்றுக்குத்தான் மதிப்பு. இருவருக்கும் தலா கால்வாசிதான் கிடைக்கிறது. ஆனாலும் அது அந்த முறையிலேயே கிடைக்கிறது.

ஒற்றையர் ஆட்டத்தில் அணி கட்டும் ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் தாக்கும் நால்வரை எடுத்துவைத்து, அவர்களில் யாருக்குச் சொந்தச் சிகிச்சை இல்லை என்று எண்ணச் சொல்வேன். இரண்டு பேருக்குமேல் இருந்தால் ஐந்தாவதாக விஷ் கேட்கும் ஒருவர் கட்டாயம். அலோமோமோலா பிடிக்காவிட்டால் வேப்போரியன் இருக்கிறது, ஹெச்.பி. 464, விஷ் 232. ஆறாவது இடத்தில் ரூஸ்ட் தெரிந்த கார்விநைட்டை வையுங்கள். ஃப்ளிப் டர்னுக்கு வழிவிடாத நீர் உறிஞ்சிகள் பெரும்பாலும் மோதிப் பார்த்துத் திணறும் எஃகு உடம்பு அதற்கு இருக்கிறது.